கொஞ்சும் பூனை ஏன் கடிக்கிறது?

எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள் இருக்கின்றன. உரிமையோடு மடியில் வந்து படுப்பதும் அவைதான். சற்று நேரத்தில் கையைக் கடிப்பதும் அவைதான். "சோறு போட்ட கையையே கடிக்குது, நன்றி கெட்டது" என்பார் உம்மம்மா. ஆனால், பூனை கடிப்பதற்குக் காரணங்கள் வேறு.

குட்டிகள் ஒன்றோடொன்று கட்டிப்புரண்டு விளையாடும். ஒன்று பலமாகக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். எவ்வளவு கடிக்கலாம் என்பதைப் பூனை இப்படித்தான் கற்கிறது. இரண்டு மாதம் ஆகுமுன் தாயைப் பிரிந்த குட்டிக்கு இந்தப் பாடம் முழுமையாகக் கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு, நாமும் அதன் முன்னால் விரலை ஆட்டி விளையாடுகிறோம். அசைவதெல்லாம் அதற்கு எலிதான்! ஈர்க்கின் நுனியில் துணித்துண்டைக் கட்டி ஆட்டினால் விரல் தப்பும்.

தடவுவதிலும் அளவு உண்டு. கன்னத்திலும் தாடையிலும் தடவினால் பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிக்கும். வயிற்றைத் தொட்டால் பிடிக்காது. "போதும்" என்பதை அது முதலில் உடலால்தான் சொல்கிறது. வாலை வெடுக்கென்று அடிக்கும். காதுகள் பின்னே மடியும். முதுகுத் தோல் துடிக்கும். அப்போதும் நாம் கையை எடுக்காவிட்டால்தான் கடிக்கிறது.

கதிரையைப் பிராண்டுவதும் குறும்பு அல்ல. நகத்தின் பழைய உறையைக் கழற்றவும், பாதத்தின் வாசனையைப் பதிக்கவும் அது பிராண்டியே ஆக வேண்டும். ஒரு கட்டையில் தும்புக்கயிற்றை இறுக்கிச் சுற்றி, கதிரைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இவ்வளவு தெரிந்தாலும் சில வேளைகளில் காயம் படத்தான் செய்யும். பூனையின் பல் ஊசி போன்றது. வெளியே சிறு புள்ளிதான் தெரியும். கிருமியோ ஆழத்துக்குப் போய்விடும். நீர்வெறுப்பு நோய் நாயால் மட்டுமல்ல, பூனையாலும் பரவும். அறிகுறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது மிக அரிது. உரிய காலத்தில் தடுப்பூசி ஏற்றினால் தடுத்துவிடலாம். ஆகவே, கடித்தாலோ கீறினாலோ உடனே சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். மஞ்சளோ கோப்பித்தூளோ பூசக் கூடாது. பிறகு தாமதிக்காமல் அரச வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். ஊசி தேவையா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். பூனைக்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி ஏற்றுவது அவசியம்.

இங்கேதான் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். என் தோழிகள் சிலர் கீறலைச் சட்டைக் கைக்குள் மறைக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "சொன்னா வாப்பா பூனையச் சாக்குல போட்டு சந்தையில விட்டுருவார்" என்கிறார்கள். பூனையை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் ஒரு பிள்ளை காயத்தை மறைத்தால், ஆபத்து அந்தப் பிள்ளைக்குத்தான். 'பூனைக்குட்டியின் தந்தை' என்ற பொருள்படும் பெயரால் அறியப்பட்ட அபூஹுரைரா (ரழி) அவர்களை நாம் போற்றுகிறோம். பூனையைத் தெருவில் விடுவது நமக்கு அழகல்ல.

காயத்தைக் காட்டும் பிள்ளையை ஏசாதீர்கள். முதலில் குழாயடிக்குக் கூட்டிச் செல்லுங்கள். தோழிகளே, நீங்களும் சிறு கீறல்தானே என்று இருந்துவிடாமல் அன்றைக்கே உம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.