பிள்ளையிடம் புள்ளியை மட்டும் கேட்காதீர்கள்

கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளி பழகிய முகங்கள் நிறைந்த இடம். ஆறாம் ஆண்டு முடிந்ததும் பெரிய இடைநிலைப்பள்ளி, மலாயில் பாடம், புதுச் சேர்க்கை. சிலர் தடுமாறுவது இங்கேதான். 2022 தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் 13 முதல் 17 வயது வரையிலான மாணவர்களில் 26.9 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன.

எப்போது கவனிக்க வேண்டும்?

தேர்வில் தோற்ற வருத்தம் சில நாளில் ஆறிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் வாட்டம் நீடித்தால், பிடித்த விளையாட்டும் கசந்தால், தூக்கமும் பசியும் மாறினால், தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தால் அதைச் சோம்பல் என்று தள்ளாதீர்கள்.

எண்ணம் போடும் முடிச்சு

மனச்சோர்வில் தன்னைப் பற்றியும் உலகைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியும் இருண்ட எண்ணங்கள் சேர்ந்தே வரும் என்றார் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக். கணிதத்தில் தோற்ற பையன், “நான் மக்கு, டீச்சருக்கு என்னைப் பிடிக்காது, எஸ்.பி.எம். எழுதி என்ன ஆகப்போகுது?” என்று நினைப்பது அப்படித்தான்.

ஆள் இருந்தும் துணையில்லை

தோட்டத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு வீட்டுச் சேதி நாலு வீட்டுக்குப் போகும் என்பதாலேயே பிள்ளை வாயை மூடிக்கொள்ளலாம். சுற்றி எத்தனை பேர் என்பதைவிட, ‘எனக்கு ஆள் இருக்கு’ என்று பிள்ளை உணர்வதே முக்கியம். “அப்பா ஏற்கெனவே கஷ்டப்படுறாரு, நான் வேற பாரமா?” என்று நினைக்கும் பிள்ளை உதவி கேட்காது. கேட்காததால் யாருக்கும் தெரியாது. யாரும் வராததால், தனக்கு யாருமில்லை என்ற எண்ணம் இன்னும் இறுகும். எனவே பெரியவர்கள்தாம் முதலில் பேச வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது

“இதுக்கெல்லாமா அழுவாங்க?” என்று கேட்காமல், குறுக்கிடாமல் கேளுங்கள். மனம் ஆறிய பிறகு, “கணக்குல தோத்த, சரி. மத்த பாடம் எப்படி?” என்று ‘நான் மக்கு’ என்ற எண்ணத்தைச் சேர்ந்தே சோதித்துப் பாருங்கள். சாவைப் பற்றிப் பேசினால், உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ஆம் என்றால் பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

எங்கே போவது?

பள்ளி ஆலோசக ஆசிரியரையோ அரசாங்கக் கிளினிக்கையோ நாடலாம். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். ஆபத்து நெருங்கினால் 999. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. ஆகவே, போலீசுக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.