மார்மலேடில் மரணம்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கும் நேயர்களே, கையில் எக் பஃப்ஸ் இருந்தால் பயப்படாமல் சாப்பிடுங்கள், இது கதைதான்.

அகதா கிறிஸ்டி 1953-இல் எழுதிய ‘எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை’ நாவலில், காலைச் சிற்றுண்டி மார்மலேடில் யூ மர விஷம். முதல் உலகப் போர்க்காலத்தில் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தவர் அவர், விஷம் அத்துப்படி.

2000-இல் அமெரிக்க எழுத்தாளர் ஜோவான் ஃப்ளூக், தன் நாவலில் பேக்கரி நடத்தும் பெண்ணையே துப்பறிய வைத்தார். கடைக்குப் பின்புறம், பால் வண்டியில் டெலிவரிக்காரர் சுடப்பட்டுக் கிடக்கிறார். கதைக்கு நடுவே வெண்ணெய், சர்க்கரை அளவோடு குக்கீ செய்முறை வேறு!

நம் மாத நாவல்களில் கொலைக்கா பஞ்சம்? மைசூர்பாகு பக்குவம்தான் பாக்கி. எழுத்தாளர்களே, கொஞ்சம் கவனியுங்கள்!