காட்சிப்பதிவுக் கண்காணிப்பும் வழுத்தாங்கும் கணனி அமைப்பும்

ஆயிரம் கமராக்கள் கொண்ட கண்காணிப்பு அமைப்பினைத் திட்டமிடுவோர் முதலில் கமராவின் விலையையே விசாரிப்பர். சுமை முழுவதும் தங்குவதோ பதிவுக் கணனிகளிலாகும். கமரா ஒன்று செக்கனுக்கு 4 மெகாபிற்று அனுப்புமெனின், நாளொன்றுக்கு 43.2 தெராபைற்றுத் தரவு சேரும்; 30 நாட்களுக்கு ஏறத்தாழ 1,300 தெராபைற்று.

மலிவான பல வட்டுக்களை ஓரணியாக்கி, ஒன்று பழுதுற்றாலும் தரவு அழியாதிருக்கும் முறைகளை 1988இல் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பற்றர்சன், கிப்சன், கற்ஸ் ஆகியோர் வகைப்படுத்தினர். ஒரு வட்டின் இழப்பை மட்டும் தாங்கும் அவர்களது ஐந்தாம் வகை இன்று இப்பணிக்குப் போதாது. 20 தெராபைற்று வட்டொன்றைச் செக்கனுக்கு 250 மெகாபைற்று வேகத்தில் மீளநிரப்பினும் 22 மணித்தியாலங்களுக்கு மேலாகும்; பதிவும் உடன் தொடர்வதால் அது மேலும் நீளும். அவ்விடைவெளியில் இன்னொரு வட்டும் பழுதுறின் அணி முழுவதும் இழக்கப்படும். இரு வட்டிழப்பைத் தாங்கும் ஆறாம் வகை இதனாலேயே வேண்டப்படுகின்றது.

எனினும் வட்டணி பழைய பதிவையே காக்கும். கணனியே நின்றுவிடின் அக்கணம் முதல் எதுவும் பதியப்படுவதில்லை. ஆகவே பத்துக் கணனிகள் இயங்குமிடத்துப் பதினொன்றாவது வெறுமனே காத்திருத்தல் வேண்டும். (கணக்காளர் இதனை வீண்செலவென்பர்.) தடுப்புக்காவலில் ஒருவர் இறந்த இரவின் பதிவு இல்லையெனக் கூறப்படுமிடத்து, அது பழுதா மறைப்பா என எவ்வாறு துணிவது? பழுதுகளின் நேரக்குறிப்பேடு பதிவுக் கணனிகளுக்குப் புறம்பாக, வேறொரு பொறுப்பாளரின் கையில் இருந்தாலன்றி அதற்கு விடையில்லை.