தரையிறங்கும்போது விமானம் ஏன் கை மீறிப் போகுது?

2023 செப்டம்பர் 14, மும்பை. விசாகப்பட்டினத்துல இருந்து வந்த லியர்ஜெட் 45 ங்கிற குட்டி ஜெட், கனமழையில இறங்கும்போது ஓடுபாதையை விட்டு விலகி உடைஞ்சது. பார்வை தூரம் 700 மீட்டர்தான். உள்ளே இருந்த 8 பேரும் பிழைச்சாங்க. எல்லாருக்கும் அப்படி அமையறதில்லை.

சின்ன விமானங்களுக்கு இன்னொரு கண்டம், ஓடுபாதைக்கு நேரா வர்ற கடைசித் திருப்பம். செஸ்னா 172ஐ எடுத்துக்குவோம். ஃபிளாப் இறக்காம நேரா பறந்தா, சுமார் 48 நாட் வேகத்துக்குக் கீழே இறக்கையால விமானத்தைத் தாங்க முடியாது. இதுதான் ஸ்டால். உயரம் குறையாம 60 டிகிரி சாய்ஞ்சு திரும்பினா, இறக்கை தாங்க வேண்டிய சுமை இரட்டிப்பாகும். ஸ்டால் வேகம் அந்த சுமையோட வர்க்கமூலத்துக்கு ஏத்தபடி கூடும்: 48 × 1.41, கிட்டத்தட்ட 68 நாட். ஆனா இறங்க வர்ற வேகமே சுமார் 65 நாட்தான்!

நம்ம பாலக்காட்டுக் கணவாய்க் காத்து, பீளமேடு ஓடுபாதைக்குப் பெரும்பாலும் நீளவாக்குல வீசும். காத்து குறுக்கே அடிக்கிற இடத்துல, திரும்பும்போது அது முதுகுல தள்ளிப் பாதையைத் தாண்ட வச்சிடலாம். பதறிப்போய் இன்னும் சாய்ச்சா ஸ்டால். மீண்டு வர உயரம் இருக்காது.

வழி? த்ராட்டிலைத் தள்ளி, மேலே ஏறி, மறுபடி சுத்தி வர்றது. அடுத்த தடவை உங்க விமானம் இறங்காம மேலே போனா, பைலட்டைத் திட்டாதீங்க.