பட்டுக்குத் தீட்டில்லை

பருத்தித் துணியைத் துவைத்து உலர்த்தினால்தான் மடி. பட்டுக்கு அதெல்லாம் வேண்டாம், அது எப்பவுமே மடி. காஞ்சிபுரத்து ஆசார வீடுகளில் பழகிப்போன கணக்கு இது. இந்தச் சுத்தம் எங்கிருந்து வருகிறது?

இங்குள்ள தறிகளுக்குக் கச்சாப்பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. கூட்டுக்குள் இருப்பது பூச்சியாகித் துளைத்து வெளியே வந்தால் இழை அறுந்துவிடும். அதனால் அதற்கு முன்பே ஆவியிலோ வெந்நீரிலோ உயிரோடு கொன்றுவிடுகிறார்கள். 1 கிலோ நூலுக்குச் சுமார் 5,000 கூடுகள். இத்தனை சாவையும் சுமந்த துணி கருவறைவரை போகிறது. தானாகச் செத்த மாட்டை உரித்தவனோ ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டான். 2016இல் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டை உரித்த தலித்துகளை வண்டியில் கட்டிவைத்து அடித்தார்கள். ஆகத் தீட்டு என்பது விலங்கின் சாவிலிருந்து பிறப்பதல்ல. எந்தச் சாவு யார் கையில் ஒட்டவேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரத்திலிருந்து பிறப்பது.

ஜீவகாருண்யம் இதைத் தீர்த்துவிடுமா? காஞ்சி சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரஸ்வதி (1894–1994) புழுக்கள் சாவதைச் சொல்லிப் பட்டு வேண்டாம் என்றார். அதில் நேர்மை உண்டு. ஆனால் வர்ணாசிரமத்தை நியாயப்படுத்தியவரும் அவரேதான். புழுவரை இறங்கிய கருணை சேரிவரை நடக்கவில்லை.

எதிர்ப்பக்கம் நிற்கும் நாம் மட்டும் என்ன? 'மனுஷனே சாகிறான், புழுவுக்கு என்னய்யா இப்ப?' என்கிறோம். இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கர்நாடகத்தில் கொதிநீருக்குள் கைவிட்டுக் கூடுகளைத் துழாவிய பிள்ளைகள் அதில் வருகிறார்கள். கூட்டை வேகவைக்கும் தண்ணீர்தான் பிள்ளையின் விரலையும் வேகவைத்தது. காஞ்சிபுரமும் அந்த அறிக்கையில் உண்டு. கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா; கரை நாடாவை வீச நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக அந்த இடத்தில் உட்கார்ந்தது எத்தனையோ பிள்ளைகள். 2016இன் சட்டத் திருத்தம், பள்ளி நேரம் போகக் குழந்தை 'குடும்பத் தொழிலில்' உதவலாம் என்கிறது. காஞ்சியில் தறி கிடப்பதே வீட்டுக்குள்தானே?

புழுவும் பிள்ளையும் ஒன்று என்பதல்ல வாதம். ஒரு மனிதனை மிதிக்கும்போது அவனைப் 'புழு' என்று ஏசுகிறோம். புழுவை நசுக்கலாம் என்று முன்பே முடிவாகியிருப்பதால்தான் அந்த வசை செல்லுபடியாகிறது. அந்த முதல் அனுமதியைக் கேள்விக்குட்படுத்தாத விடுதலைப் பேச்சு, அடுத்து யாரைப் புழுவாக்குவது என்ற உரிமையை அதிகாரத்தின் கையிலேயே விட்டுவைக்கிறது.