புகோவினா: ஓர் எல்லை நாட்டின் சரித்திரம்

பாஷைவாரியாக எல்லை வகுப்பது எளிய காரியம் என்று எண்ணுவோர் புகோவினா நாட்டின் சரித்திரத்தை ஒரு முறை வாசிப்பது நலம். கார்ப்பேத்திய மலைகளின் கிழக்குச் சரிவில், சுமார் 4,000 சதுர மைல் பரப்புள்ள சிறு நாடு அது. இன்றைய தேசப்படத்தில் அப்பெயர் தாங்கிய ராஜ்யமோ மாகாணமோ இல்லை. வடபாதி உக்ரேனிலும் தென்பாதி ருமேனியாவிலும் அடங்கிவிட்டன. அதன் தலைநகரை ஜெர்மானியர் செர்னோவிட்ஸ் என்பர். ருமேனியர் செர்னௌட்ஸி என்பர். உக்ரேனியர் செர்னிவ்ட்ஸி என்பர். ஊர் ஒன்றே, புரூத் நதிக் கரையில் இன்றும் நிற்கிறது.

இந்நாடு ஆதியில் மொல்டாவிய ராஜ்யத்தின் மூலஸ்தானமாக விளங்கியது. 1457 முதல் 1504 வரை ஆண்ட மகா ஸ்டீபன் அரசனின் தலைநகரான ஸுசேவா இங்கேதான் இருக்கிறது. அவன் சமாதி கொண்டுள்ள புத்னா மடாலயமும் இங்கேதான். ஆகவே ருமேனியர் இதைத் தங்கள் புண்ணிய பூமியாகப் பாவிப்பதில் வியப்பில்லை. பின்னர் மொல்டாவியா துருக்கி சுல்தானுக்குக் கப்பம் கட்டும் நாடாயிற்று. ரஷ்ய–துருக்கி யுத்தம் முடிந்த 1774-ம் வருஷத்தில் ஆஸ்திரியத் துருப்புகள் உள்ளே புகுந்தன. மறு வருஷம் சுல்தான் ஓர் உடன்படிக்கையின் மூலம் நாட்டை ஆஸ்திரியாவுக்குத் தாரை வார்த்தார். குடிகளை யாரும் கேட்கவில்லை. ஆட்சேபித்த மொல்டாவியச் சிற்றரசர் கிரிகோர் கிகா 1777-ல் சுல்தானின் ஆட்களால் கொலையுண்டார்.

அப்பொழுது ஜனத்தொகை லட்சத்துக்கும் குறைவு. வெறுமையாய்க் கிடந்த நிலத்தில் புதிய அரசாங்கம் குடியேற்றத்தை ஊக்குவித்தது. கலீஷியாவிலிருந்து ருதேனியர் (இன்று உக்ரேனியர் எனப்படுவோர்) வந்தனர். ஜெர்மானியக் குடியானவர், போலியர், யூதர், ஹங்கேரியப் பாஷை பேசும் ஸேகெலிகள் ஆகியோரும் வந்தனர். ரஷ்யாவில் மதக் கொடுமைக்கு ஆளான பழைய நம்பிக்கைக்காரர்களுக்கு இரண்டாம் ஜோசப் சக்கரவர்த்தி 1783-ல் மத சுதந்திரம் அளித்தார். மலைப்புறத்தில் ஹுட்ஸூல் என்னும் ஆயர்கள் வசித்தனர். ஸுசேவாவில் ஆர்மீனிய வர்த்தகர் வெகு காலமாகவே இருந்தனர். 1875-ல் செர்னோவிட்ஸில் ஜெர்மன் பாஷையில் போதிக்கும் சர்வகலாசாலை ஸ்தாபிக்கப்பட்டது.

1910-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி நாட்டில் சுமார் எட்டு லட்சம் பேர். ருதேனிய பாஷைக்காரர் 3 லட்சத்து 5 ஆயிரம். ருமேனியர் 2 லட்சத்து 73 ஆயிரம். ஜெர்மன் பாஷைக்காரர் 1 லட்சத்து 69 ஆயிரம். யாருக்கும் பாதி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இதில் ஒரு சூதும் உண்டு. ஜெர்மன் பாஷைக்காரராக எழுதப்பட்டவரில் சரிபாதிக்கு மேற்பட்டோர் யூதர். அவர்களில் மிகப் பலரின் தாய்மொழியான யித்திஷ், சர்க்காரின் பாஷைப் பட்டியலில் இடம்பெறவே இல்லை. அதை யூதரின் தேசிய பாஷைகளில் ஒன்றென்று பிரகடனம் செய்த மகாநாடு 1908-ல் இதே செர்னோவிட்ஸில்தான் கூடியது. மகாநாடு கூடியும் பட்டியல் மாறவில்லை.

இவ்வளவு வேற்றுமைகளுக்கிடையே அந்நாட்டுத் தலைவர்கள் ஒரு சமரசத்துக்கு வந்தனர். ருமேனியரான ஔரேல் ஓன்ச்சுல், ருதேனியரான நிக்கொலாய் வாசில்கோ, யூதரான பென்னோ ஸ்ட்ராவுகர் முதலியோர் கூடிப் பேசினர். அதன் பயனாக 1910-ல் புதிய தேர்தல் சட்டம் அமலுக்கு வந்தது. ஒவ்வொரு வகுப்பாருக்கும் தனி வாக்காளர் ஜாபிதா. மாகாண சபையின் ஸ்தானங்கள் முன்கூட்டியே பங்கிடப்பட்டன. யூதரைத் தனி வகுப்பாக ஏற்க வியன்னா மறுக்கவே, தொகுதிகளைச் சாமர்த்தியமாக வகுத்து அவர்களுக்கும் இடம் தேடிக் கொடுத்தனர். 1909-ல் மின்டோ–மார்லி சீர்திருத்தம் இந்தியாவில் கொணர்ந்த தனித் தொகுதிகள் நம் நினைவுக்கு வரலாம். அவை மேலிருந்து வழங்கப்பட்டவை. இது கீழிருந்து பேசி முடித்தது. எனினும் குறை இல்லாமல் இல்லை. மனிதன் ஒவ்வொருவனும் ஒரே ஜாபிதாவில்தான் பெயர் எழுத வேண்டும். தந்தை ருமேனியர், தாய் ருதேனியர் என்றால் அவன் யார்? வாசில்கோவின் சொந்தக் குடும்பத்திலேயே ருமேனியராக வாழ்ந்தோர் உண்டு!

அச்சமரசத்தின்படி ஒரே தேர்தல் நடந்தது, 1911-ல். பிறகு மகாயுத்தம். நகரம் மும்முறை ரஷ்யர் வசமாயிற்று. ஆஸ்திரியா சிதைந்ததும், 1918 நவம்பர் ஆரம்பத்தில் உக்ரேனியர் அதிகாரத்தைக் கைப்பற்றினர். சில நாட்களில் ருமேனியப் படை வந்தது. நவம்பர் 28-ந் தேதி கூடிய காங்கிரஸ் ருமேனியாவுடன் இணையத் தீர்மானித்தது. படை முந்தியது, தீர்மானம் பிந்தியது. புதிய ஆட்சியில் சர்வகலாசாலை ருமேனிய பாஷைக்கு மாறியது. உக்ரேனியப் பள்ளிகள் படிப்படியாக மறைந்தன. உக்ரேனியர், தாய்மொழியை மறந்துபோன ருமேனியரே என்பது 1924-ம் வருஷத்துக் கல்விச் சட்டத்துக்கு ஆதாரமான வாதம். ஒரு ஜனசமூகத்தையே இல்லையென்று சொல்ல இதைவிடச் சுருக்கமான வழி வேறில்லை.

1940 ஜூன் 26-ந் தேதி சோவியத் சர்க்கார் ருமேனியாவுக்கு இறுதி எச்சரிக்கை விடுத்தது. பெஸரேபியாவை 22 வருஷம் ருமேனியா வைத்திருந்ததற்கு நஷ்டஈடாக வடபுகோவினாவைத் தர வேண்டுமாம். மனிதர் வாழும் நாடு அபராதத் தொகையாயிற்று. அதே வருஷம் ஹிட்லரின் அதிகாரிகள் ஜாபிதாவுடன் வந்து, நாடு முழுவதிலிருந்தும் சுமார் 95,000 ஜெர்மானியரை அழைத்துச் சென்றனர். 1941 ஜூனில் சோவியத் சர்க்கார் ஆயிரக்கணக்கானோரைக் கிழக்கே நாடு கடத்தியது. சில வாரங்களில் ருமேனியப் படை ஜெர்மானியத் துணையோடு திரும்பி வந்தது. பின் நடந்தது எழுதவும் கூசுவது. கிராமங்களில் யூதர் கொல்லப்பட்டனர். அக்டோபரில் செர்னோவிட்ஸின் சுமார் 50,000 யூதரைச் சில தெருக்களுக்குள் அடைத்து, டினீஸ்டருக்கு அப்பால் அனுப்பத் தொடங்கினர். நகர மேயர் த்ராயன் போபொவிச் எதிர்த்து வாதாடினார். இவர்களின்றி நகரம் இயங்காது என்று காட்டி, பல்லாயிரம் பேர் தங்க அனுமதிச் சீட்டுப் பெற்றுத் தந்தார். அவரைப் பதவியிலிருந்து நீக்கிய பின், 1942 ஜூனில் மறுபடி நாடு கடத்தினர். அவ்விதம் சென்று மாண்டோரில் கவி பௌல் ஸெலானின் பெற்றோரும் அடங்குவர்.

1944-ல் சோவியத் படை திரும்பியது. போலியர் போலந்துக்குச் சென்றனர். எஞ்சிய யூதரில் பெரும்பாலோர் ருமேனியா வழியே வெளியேறினர். 1947-ம் வருஷத்துப் பாரிஸ் உடன்படிக்கை 1940-ல் கிழித்த கோட்டையே எல்லையாக உறுதிப்படுத்தியது. 1991 முதல் அது உக்ரேனின் எல்லை.

அக்கோட்டின் வடக்கே ருமேனிய பாஷை பேசும் கிராமங்கள் இன்னும் இருக்கின்றன. செர்னிவ்ட்ஸி மாகாணத்தின் 2001-ம் வருஷத்து ஜனக்கணக்கு, ஏறக்குறைய ஒரே பாஷை பேசும் அம்மக்களை இரண்டு பத்தியில் எழுதியது: ருமேனியர் சுமார் 1 லட்சத்து 14 ஆயிரம், மொல்டாவியர் சுமார் 67 ஆயிரம். 2017-ல் உக்ரேன் இயற்றிய கல்விச் சட்டம் சிறுபான்மைப் பாஷைகளில் உயர்வகுப்புப் போதனையைக் குறுக்கியபோது புக்காரெஸ்ட் ஆட்சேபித்தது. 2023 டிசம்பரில் அச்சட்டம் ஓரளவு தளர்த்தப்பட்டது. 'மொல்டாவிய பாஷை' என்ற பெயரைக் கைவிடப் போவதாகவும் உக்ரேன் சர்க்கார் அவ்வருஷமே அறிவித்தது.