இரவில் இரத்தப் பரிசோதனை ஏன்?

யானைக்கால் நோயைக் கண்டறியும் சுகாதார ஊழியர்கள் இரவில் வந்து விரலில் இரத்தத்துளி எடுப்பது வழக்கம். "பகலில் வரலாகாதா?" என்று கிராம மக்கள் வினவுகின்றனர். இதற்கு விடை சீன தேசத்தில் கிடைத்தது.

அங்கு அமாய் துறைமுகத்தில் மருத்துவராயிருந்த பாட்ரிக் மான்சன், இந்நோய்ப் புழு கொசுவின் உடலில் வளர்வதை 1877-ல் கண்டார். பின்னர், நோயாளிகளின் இரத்தத்தை இரவும் பகலும் சில மணிக்கொருமுறை சோதிக்கச் செய்தார். மாலையில் தோன்றிய இளம்புழுக்கள் நள்ளிரவில் மிகுந்து, காலையில் மறைந்தன. பகலில் அவை நுரையீரலின் இரத்தக் குழாய்களில் தங்குகின்றன. நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு கடிப்பதும் இரவில்தான். கொசு வரும் வேளைக்கே புழுவும் வருகிறது!

1881-ல் லண்டனில் மெக்கன்ஸி என்னும் மருத்துவர் ஒரு நோயாளியைப் பகலில் உறங்கி இரவில் விழித்திருக்கச் செய்தார். புழுக்களும் பகலில் தோன்றலாயின. நம் உறக்கத்தின் ஒழுங்கையே புழு பின்பற்றுகிறது என்பது இதனால் விளங்கியது.

ஆகவே, பகலில் எடுத்த துளியில் புழு காணாமை நோயின்மைக்குச் சான்றாகாது. கால் வீங்காதவரும் இரத்தத்தில் புழுவைத் தாங்கியிருக்கலாம். அவரைக் கடித்த கொசு அண்டை வீட்டாருக்கு நோயைக் கொண்டுசெல்லும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் முதலில் தம் விரலை நீட்டி, பின் ஊழியருடன் வீடுதோறும் செல்வார்களாயின், ஊரார் தயக்கம் நீங்கும். சாக்கடை நீர் தேங்காமற் காப்பதும் நம் கடமையே.